குஞ்சம்மாளின் மஞ்சள் பீன்ஸ்

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த குஞ்சம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆட்டோ வந்து, குன்னத்திலிருந்து பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

அவள் கணவர் குருநாதன் அரசுப் பள்ளி ஒன்றின் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காக வைத்துப் பழகியவர். காரியம் முடிந்த மறுநாள் அவர் மருமகள் ஹேமலதாவைக் கூப்பிட்டார்.

"அவ வச்சிருந்த பழசு எல்லாத்தையும் தீத்துடும்மா. டப்பா, பாட்டில், பருப்பு, வத்தல் எதுவும் இருக்க வேணாம். ஷெல்ப்பப் பாத்தாலே அவ நிக்கிற மாதிரி இருக்கு."

"சரிங்க மாமா" என்றாள் ஹேமலதா.

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரஞ்சன்குடியில் வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்துப் பெண். கணவன் இளவரசன் பெரம்பலூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தான்; காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பகல் முழுக்க வீட்டில் அவளும் மாமியாரும்தான் இருந்தார்கள். மாமியார் போனதில் அதிகம் தனித்துப்போனது அவள்தான். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

குருநாதனுக்குக் குன்னம் வட்டாரத்தில் ஒரு சின்னப் பெயர் உண்டு. 'மஞ்ச பீன்ஸ் சார்' என்பார்கள். அந்தப் பெயர் வந்தது அவர் மனைவி போட்ட செடியால்.

குஞ்சம்மாளின் அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரராக இருந்தவர். அங்கே தோட்டத்தில் விளைந்த ஒரு பீன்ஸின் விதையை ஊருக்குக் கொண்டுவந்தார். காய் பச்சையாக இருக்காது. வெண்ணெய் நிறத்தில் தொடங்கி நல்ல மஞ்சளாக மாறும். நார் கிடையாது, ஒடித்தால் பட்டென்று ஒடியும். விதை மட்டும் கன்னங்கரேல் என்று பளபளக்கும். மலையில் விளைகிறது இந்த வெயிலில் எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு ஓரத்துச் செம்மண்ணில், புரட்டாசி, ஐப்பசியில் போட்டால் பனிக்காலத்தில் காய்க்கும் என்று அவர் நாலைந்து வருடம் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வருடமும் வெயிலைத் தாங்கிய செடியில் மட்டும் விதைக்கு விட்டார். அவர் போனபின் அந்த விதை இரண்டு மகள்களிடம் வந்தது. மூத்தவள் குஞ்சம்மாள். இளையவள் வேணி, அவள் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

குன்னத்துக் கரிசல் மண்ணில் அது எளிதில் வரவில்லை. மழை பெய்தால் தண்ணீர் வடியாது, விதை அழுகிப்போகும். குஞ்சம்மாள் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, செம்மண்ணும் மணலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பினாள். மழை விட்டு ஈரம் கொஞ்சம் உலர்ந்ததும் விதையை விரல் கணு ஆழத்துக்கு ஊன்றுவாள். முளை தலை தூக்கும்போது மைனா கொத்தாமலிருக்க பழைய கொசுவலையைப் போர்த்துவாள். அசுவினிப் பூச்சி வந்தால் விடியற்காலையில் பனி ஈரத்தோடு சாம்பல் தூவுவாள். இதெல்லாம் நடக்கும்போது குருநாதன் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு பெரம்பலூரில் காய்கறிக் கண்காட்சி ஒன்று நடந்தது. குருநாதன் ஒரு தட்டு மஞ்சள் பீன்ஸை எடுத்துப்போய் வைத்தார். முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழில் அவர் பெயர் இருந்தது. மறுநாள் பேப்பரில் தட்டும் கையுமாக அவர் படம் வந்தது. முப்பத்தைந்து வருடம் யார் யாருக்கோ சான்றிதழ் எழுதிக்கொடுத்த மனிதருக்குத் தன் பெயரில் ஒரு சான்றிதழ் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி போட்டு மாட்டினார்.

அதற்குப் பிறகு விதை கேட்டு ஆட்கள் வந்தார்கள். வீட்டுத் தோட்டக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், ஒரு டீச்சர். எல்லோரிடமும் "விதை இல்லைங்க" என்றே சொன்னார். குஞ்சம்மாள் பத்து விதையாவது கொடுக்கலாம் என்றாள்.

"குடுத்தா அடுத்த வருஷம் அவன் தட்டத் தூக்கிட்டு வந்து நம்ம பக்கத்துல நிப்பான். அப்புறம் நமக்கு என்ன மரியாதை?"

அவள் விதைப் பாட்டிலில் ஒரு சின்னக் காகிதத்தில் பெயரும் வருடமும் எழுதி ஒட்டுவது வழக்கம். அதையும் அவர் கிழித்துப் போட்டார். வெறும் பாட்டிலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. மருமகள் வந்தபோது, "அவகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. ரஞ்சன்குடிக்குப் போயிடும்" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு வேணி வந்தாள். அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்ததில் அவளுடைய செடி முழுக்க அழுகிவிட்டது. கைவசம் ஒரு விதைகூட இல்லை.

"அப்பா விதை மாமா. என்கிட்ட அத்துப்போச்சு. ஒரு பத்து குடுங்க போதும்."

"இன்னிக்குப் பத்துன்னு கேப்ப. உன் ஊர்ல பத்து பேருக்குப் போவும். பத்திரமா வச்சுக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு?"

குஞ்சம்மாள் சோற்றைப் பரிமாறியிருந்தாள். வேணி இலையில் கை வைக்காமல் எழுந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதன்பிறகு குஞ்சம்மாளின் சாவுக்குத்தான் வந்தாள். வந்தவள் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள், அன்று மாலையே போய்விட்டாள். குருநாதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புரட்டாசி கடைசியில் மழை தொடங்கியது. ஒரு நாள் காலையில் குருநாதன் பின்பக்கம் போய் மேட்டைப் பார்த்தார். அருகம்புல் மண்டிக் கிடந்தது. ஆள் வைத்துக் கொத்தச் சொன்னார். பிறகு சமையலறைக்குள் வந்து ஷெல்ப்பைத் திறந்தார். மேல் தட்டில் பாட்டில் இருந்தது. உள்ளே சர்க்கரை இருந்தது.

"ஹேமா, இதுல கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

ஹேமலதா தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "கறுப்புக் கொட்டையா மாமா? ஊறப்போட்டுக் கொழம்பு வச்சுட்டேனே. போன மாசம், சனிக்கிழம. நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிட்டீங்களே."

குருநாதனுக்கு அந்தக் குழம்பு நினைவிருந்தது. புளிப்பும் காரமும் சரியாக இருந்தது. கொட்டை மாவாக வெந்திருந்தது. குஞ்சம்மாள் போன பிறகு வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. "என்ன கொட்டம்மா இது?" என்றுகூட அவர் கேட்கவில்லை.

"அது விதை" என்றார்.

"விதையா? எங்க வூட்ல மொச்ச, காராமணி எல்லாம் இப்படித்தான் பாட்டில்ல கெடக்கும் மாமா. மஞ்சக் காயிக்குள்ள கறுப்புக் கொட்டை இருக்கும்னு எனக்குத் தெரியாது. கொழம்புக்குத்தான் வச்சிருக்காங்கன்னு..." அவள் முகம் வெளிறிவிட்டது. "எல்லாத்தையும் தீத்துடச் சொன்னீங்க. அத்தையும் ஒண்ணும் சொல்லலையே மாமா. பேரு எழுதி ஒட்டியிருந்தாக்கூட..."

அவர் பாட்டிலை அப்படியே ஷெல்ப்பில் வைத்துவிட்டு முன்வாசலுக்குப் போனார். அன்றிலிருந்து மருமகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு வந்தால் சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் தானே போய் மொண்டுகொண்டார். இளவரசன் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தான். "தெரியாம நடந்ததுப்பா, அவ தெனமும் அழுவுறா" என்றான். குருநாதன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில், யாரிடமும் சொல்லாமல், விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அரியலூருக்கு ஒரு பஸ், ஜெயங்கொண்டத்துக்கு ஒன்று, அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்கு ஒன்று. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. வேணியிடம் விதை இருக்காது என்று அவருக்குத் தெரியும். கொடுக்காமல் அனுப்பியதே அவர்தான். ஆனால் அந்த ஊரில் அவளுடைய அப்பா முன்பு எப்போதோ யாருக்காவது கொடுத்திருக்கலாம், ஏதோ ஒரு வீட்டில் மிச்சமிருக்கலாம் என்று நினைத்தார்.

வேணியின் வீட்டு வேலிக்கு உள்ளே செம்மண் பாத்தியில், இரண்டு வரிசையாக, நாலு இலை விட்ட கன்றுகள் நின்றன. குருநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். கன்றைப் பார்த்து எது என்று சொல்லுமளவுக்கு அவருக்குத் தெரியாதுதான். ஆனால் மேலே போர்த்தியிருந்த கொசுவலை அவருக்குத் தெரிந்தது.

வேணி வெளியே வந்தாள். "வாங்க" என்றாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை, அது அவர் மடியிலேயே இருந்தது.

"இது அந்த பீன்ஸா?"

"ஆமா."

"உன்கிட்ட அழிஞ்சுபோச்சுன்னியே."

"அழிஞ்சுதான் போச்சு. அக்கா குடுத்துச்சு."

குருநாதனுக்குப் புரியவில்லை. "எப்ப?"

"மூணு வருஷமா. அக்கா ப்ரஷர் மாத்திரை வாங்கறேன்னு அரியலூர் வருமே. பக்கத்துல பெரம்பலூர் இருக்கும்போது அரியலூருக்கு எதுக்குப் போறன்னு நீங்ககூடச் சத்தம் போடுவீங்களாம். தை மாசம் ஒரு நாள் நான் போயிடுவேன். பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் உக்காந்திருப்போம். ஒரு வருஷத்துக்கு அந்த அரை மணி நேரந்தான் மாமா நாங்க பாத்துக்கிட்டது. விதைய மாத்திரை டப்பாவுல போட்டு எடுத்துட்டு வரும்."

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட இருந்தத ஹேமா தெரியாம சமைச்சுட்டா" என்றார். "ஒண்ணுகூட மிச்சமில்ல. அவ போட்ட மேடு சும்மா கெடக்கு. ஒரு பத்து விதை குடு வேணி."

சொல்லி முடித்த பிறகுதான் எண்ணிக்கை அவர் காதிலேயே விழுந்தது. வேணி அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"விதை இருக்கு. உங்க கையில குடுக்க மாட்டேன்."

"அன்னிக்கு நடந்ததுக்கா?"

"என் கோவம் எப்பவோ போச்சு. அக்கா சொல்லிட்டுப் போயிருக்கு. போன தை மாசம் சொன்னுச்சு. 'எனக்கு அப்புறம் அவுரு வந்து கேப்பாரு. அவுரு கையில குடுக்காத. பூட்டி வச்சே சாவடிச்சுடுவாரு. வேற யாரு வந்து கேட்டாலும் குடு'ன்னு சொன்னுச்சு."

"அவ அப்படிப் பேசறவ இல்ல."

"உங்ககிட்டப் பேசியிருக்காது."

குருநாதன் எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வேணி சொன்னாள், அது வாய்க்கு வந்த மரியாதை. அவர் வாழைப்பழத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிற்கிற இடத்துக்குத் தெரு வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழி நெடுக, வேலி ஓரங்களில், பழைய பிளாஸ்டிக் குடங்களில், ஆட்டுக்கொட்டகைப் பக்கத்தில் எல்லாம் அதே கன்று இருந்தது. ஏழெட்டு வீடுகளிலாவது இருக்கும். எதற்கும் பூட்டில்லை. கடைசி வீட்டு வேலிக்கு வெளியிலேயே நாலு கன்று நின்றது. தெருவில் யாரும் இல்லை. குருநாதன் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். வேர் பாதியில் அறுந்துகொண்டு வந்தது.

"என்னங்க வேணும்?"

பாப்பாத்தி என்ற பெண், தலையில் முந்திரி விறகோடு பின்னால் வந்து நின்றாள். அவர் கையில் கன்று தொங்கியது. அறுபத்து மூன்று வயதில், ஒரு தெருவில், அவர் திருடனைப் போல முழித்தார்.

"அதப் புடுங்கி வச்சா வராதுங்களே. வேரு தாங்காது. விதை வேணும்னா கேக்க வேண்டியதுதான?" அவள் விறகை இறக்கிவிட்டு உள்ளே போய், ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். "இருவது இருக்குங்க. எங்களுக்கு வேணி அக்கா குடுத்துச்சு. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்துச்சு. எந்த ஊருங்க?"

"பெரம்பலூர்" என்றார்.

"அப்ப குன்னம் பக்கந்தான. வேணி அக்காவோட அக்கா அங்கதான் வாழ்க்கப்பட்டுது, பாவம் செத்துப்போச்சு. அந்தம்மா புருஷன் ஒரு விதைய வெளிய வுட மாட்டாராம். மாத்திர டப்பாவுல ஒளிச்சு ஒளிச்சு எடுத்துட்டு வந்து குடுத்துச்சாம். இப்படியும் ஒரு ஆளு."

குருநாதன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். நன்றிகூடச் சொல்லவில்லை. பிடுங்கிய கன்றைப் போட்டுவிடத் தோன்றாமல் ஜெயங்கொண்டம் வரை கையில் வைத்திருந்தார். அதற்குள் அது துவண்டு கீரைத் தண்டு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இருபது விதையையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுத் தன் அறை ஜன்னலில் வைத்தார். ஊறப்போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று எங்கோ படித்திருந்தார். மறுநாள் விதை உப்பி, தோல் வெடித்திருந்தது. மேட்டில் ஆள்காட்டி விரல் முழுக்கப் போகிற ஆழத்தில் ஒவ்வொன்றாகப் புதைத்தார். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அன்று பிற்பகல் மழை வந்தது, மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்தது.

பத்து நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். பதினோராவது நாள் விரலால் கிளறினார். வழவழவென்று, மூக்கைச் சுளிக்க வைக்கிற நாற்றத்தோடு, கறுப்புத் தோல் மட்டும் வந்தது. அடுத்ததும் அப்படித்தான். இருபதையும் தோண்டினார்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், பதினெட்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக, ஹேமலதாவின் காதில் விழும்படி பேசினார். "செத்த விதையக் குடுத்து அனுப்பிட்டாளுங்க."

ஹேமலதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "விதை நல்ல விதைதாங்க மாமா. ஊற வச்சதுதான் தப்பு. மழ ஈரத்துல ஊற வச்ச விதைய ஆழமாப் போட்டா அழுவித்தான் போவும். வெவசாயம் பாக்கற எங்க வூட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"நான் ஊற வச்சது உனக்குத் தெரியுமா?"

"ஜன்னல்ல டம்ளரப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"என்கிட்ட நீங்க பேசவே இல்லையே மாமா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "ரெண்டு தடவ ரூம் வரைக்கும் வந்தேன். நீங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க."

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். "நீ கேட்டா வேணி குடுப்பாளா?" என்று கேட்டார்.

ஹேமலதா கத்தியைக் கீழே வைத்தாள். "குடுத்துட்டாங்க மாமா. நீங்க போயிட்டு வந்த மறுநாளே சித்தி போன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழம அவரும் நானும் வண்டில போயி வாங்கிட்டு வந்தோம். எங்கம்மா வூட்ல போட்டிருக்கு. மொளச்சிருச்சு."

"இளவரசனுக்கும் தெரியுமா?"

"அவருதான் அங்க போடச் சொன்னாரு."

குருநாதன் முன்வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். பேப்பர் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. மகன் அன்று மாலை வந்தபோது அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது.

மார்கழியில் ஹேமலதா, "காய் வந்துருச்சு மாமா, வந்து பாருங்க" என்றாள். மூன்று தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை அவர் இளவரசனின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

ரஞ்சன்குடியில் சம்பந்தியம்மா பெரியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஊரின் பழைய கோட்டை தெரிகிற பக்கமாக, வெங்காயப் பாத்திக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் பதினைந்து செடிகள் நின்றன. இலைக்கு அடியில் கொத்துக் கொத்தாக மஞ்சள் காய். மூன்று செடிக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதில் காய் பறிக்கவில்லை, விதைக்கு விட்டிருந்தார்கள். சில காய் பழுப்பேறிக் காயத் தொடங்கியிருந்தது.

குருநாதன் எழுந்து பாத்தி ஓரமாக நடந்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். குனிந்து ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது பெரியம்மாள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பார்வை நூல் கட்டிய செடிகளுக்குப் போய், அங்கிருந்து அவருடைய சட்டைப் பைக்கு வந்து, சட்டென்று விலகியது. அவர் கன்றைப் பிடுங்கியதைப் பாப்பாத்தி வேணியிடம் சொல்லியிருப்பாள், வேணி இங்கே சொல்லியிருப்பாள். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. "இன்னொரு டீ குடிக்கிறீங்களா சம்பந்தி?" என்றுதான் பெரியம்மாள் கேட்டாள்.

"வேணாங்க. போயிட்டு வரேன்."

காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்ட ஹேமலதா ஒரு பை நிறையப் பிஞ்சுக் காயாகப் பறித்து வைத்திருந்தாள். அதை இளவரசன் வாங்கி வண்டியில் மாட்டினான். குருநாதன் வரப்பில் முன்னால் நடந்தார். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, உள்ளங்கை தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு நடந்தார். வண்டியருகே வந்து, ஏறுவதற்காகக் கம்பியைப் பிடிக்கப் போனபோதுதான் அதை அவரே கவனித்தார்.